படிவம் 26-ல் மச்சான் இல்லை

(நெல்லைப் பக்கம் ஒரு கல்குவாரி ஆபீஸ். மறுநாள் சட்டமன்றத் தேர்தல் வேட்புமனு தாக்கல். அதோடு சேர்க்க வேண்டிய பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐ நிரப்புகிறார்கள்.)

ஆடிட்டர்: அண்ணாச்சி, தொழில்னு என்ன போட?

அண்ணாச்சி: விவசாயம்னு போடுங்க.

ஆடிட்டர்: ஜன்னல்ல குவாரி தெரியுதே!

அண்ணாச்சி: அதுவும் பூமியில விளையுறதுதானே சார்.

ஆடிட்டர்: சரி, அரசு கான்ட்ராக்ட் எதுவும் நடப்புல இருக்கா? இருந்தா 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவுப்படி நிக்க முடியாது.

அண்ணாச்சி: ரோடு போட்டு முடிச்சாச்சு. பில்லுதான் வரலை.

ஆடிட்டர்: வேலை முடிஞ்சு பணம் மட்டும் பாக்கின்னா தடை இல்லை.

அண்ணாச்சி: போன மழையில அந்த ரோடே போயிட்டு.

ஆடிட்டர்: அதை எழுத இதுல இடமில்லை. புது பாலம் வேலை?

அண்ணாச்சி: மச்சான் பேர்ல எடுத்திருக்கு.

ஆடிட்டர்: மனைவி, உங்களைச் சார்ந்திருக்கிறவங்க கான்ட்ராக்டை எல்லாம் படிவம் 26 கேக்குது. மச்சானைக் கேக்கலை.

அண்ணாச்சி: சட்டம் எழுதுனவங்க குடும்பஸ்தங்க சார்!

ஆடிட்டர்: தேர்தல் செலவு 40 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

அண்ணாச்சி: தெருவுக்கா?

ஆடிட்டர்: தொகுதிக்கே. முடிவு வந்து 30 நாளுக்குள்ள கணக்குக் கொடுக்கணும். கொடுக்கலேன்னா 3 வருஷம் தகுதி போயிரும்.

அண்ணாச்சி: கணக்கைக் கொடுத்திரலாம். செலவைத்தான் சொல்லக் கூடாது.

ஆடிட்டர்: 2018-ல கூட்டின எம்.எல்.ஏ. சம்பளம் மாசம் 1,05,000 ரூபாய். அஞ்சு வருஷத்துக்கு 63 லட்சம். நீங்க இறைக்கிற காசுக்கு வட்டிக்கே காணாதே. பிறகு எதுக்கு நிக்கீங்க?

அண்ணாச்சி: மக்கள் சேவை சார். அதுல வட்டியெல்லாம் பாக்கலாமா? அசலை மச்சான் பாத்துக்கிடுவான்.

ஆடிட்டர்: பொய்த் தகவல் கொடுத்தா 125ஏ பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில் உண்டு.

அண்ணாச்சி: நான் எங்க பொய் சொன்னேன்? கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன். கேக்காததுக்கு வாயைத் திறக்கலை.

ஆடிட்டர்: இதை யார் வேணும்னாலும் படிக்கலாம், தெரியுமில்ல?

அண்ணாச்சி: படிக்கட்டும். அவங்க படிச்சு முடிக்கதுக்குள்ள நான் பதவியேத்துருவேன். எங்கன கையெழுத்து?

(வாக்காளர்களுக்கு: வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். ஓட்டுப் போடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். மச்சானை மட்டும் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.)