தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு

பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிக்கும் சிறுசேரிக்கும் நடுவே, கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் கறுப்புப் பையுமாகப் போகிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "உங்க சொந்த ப்ராஜெக்ட் எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ப்ராஜெக்ட்?" என்று ஒருவரும் கேட்க மாட்டார். கண்ணில் ஒளி வரும். குரல் இறங்கும். "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு சார்" என்பார்.

நம்மவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நாற்பதை நெருங்கும் வயது. மேடவாக்கத்தில் சொந்த வீடு, வீட்டைவிடப் பெரிய கடன், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மனைவி, ஒரு மகள், கூடவே அம்மா.

அலுவலகத்தில் அவருக்குப் பராமரிப்புப் பணி. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய ஜாவா புரோகிராமைக் கட்டிக் காக்கிறார். அதை எழுதியவர்கள் கம்பெனி மாறி, நாடு மாறி, சிலர் இயற்கை விவசாயத்துக்கே போய்விட்டார்கள். "இது தற்காலிக ஏற்பாடு, அடுத்த ரிலீஸில் எடுத்துவிடவும்" என்று அதற்குள் ஒரு குறிப்பு இருக்கிறது. எழுதிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. நம்மவர் சேர்ந்த புதிதில், நல்ல பிள்ளையாக அதை எடுத்துப் பார்த்தார். பிரீமியம் கணக்கு நின்றுபோனது. திரும்ப வைத்தார், ஓடியது. ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க பட்ஜெட்டும் கிடையாது.

காலையில் 'ஸ்டாண்ட்-அப்' என்று ஒரு கூட்டம். எல்லோரும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எது தடை என்று ஒப்பிக்க வேண்டும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மணிக்கணக்கில் சொல்லிவிடக் கூடாது, பாயிண்டில்தான் சொல்ல வேண்டும். 1, 2, 3, 5, 8, 13. நான்கு கிடையாது, ஆறு கிடையாது. கணக்கு டீச்சருக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"ஏங்க, பால்கனி பல்பு மாத்த எத்தனை பாயிண்ட்?"

"அஞ்சு இருக்கும்."

"அப்ப நான் எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டுக்கறேன்."

மாலையில் அமெரிக்காவோடு கால். நவம்பர் மாதம் அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினால் மேடவாக்கத்தில் தோசை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மார்ச்சில் திரும்ப முன்னுக்கு வரும். அவர் வீட்டில் பருவகாலம் என்பது இந்த இரண்டுதான்.

இப்படி, ஊரார் தொடங்கியதை முடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பகலைத் தள்ளுகிற மனிதர், இரவு பத்துக்கு மேல் தனக்கென்று ஒன்றைத் தொடங்கினால் அதில் என்ன தப்பு? தொடக்கத்தைப் போலச் சுகமானது எதுவும் இல்லை. காலி ஃபைலில் பக் இருக்க வழியில்லை. அதற்கு மேனேஜர் கிடையாது, கிளையன்ட் கிடையாது, யாரோ விட்டுப்போன குறிப்பும் கிடையாது. அந்த நிலையிலேயே அதை வைத்திருக்க முடியாதா என்பதுதான் நம்மவரின் வாழ்நாள் ஏக்கம் என்று நான் நினைக்கிறேன்.

யோசனை உதித்த இரவே டொமைன் பெயர் வாங்கிவிடுவார். வேறு எவனாவது முந்திக்கொண்டால்? பிறகு லோகோ. பிறகு கறுப்புப் பின்னணியில் ஒரு முகப்புப் பக்கம். பிறகு எந்த டேட்டாபேஸ் என்ற ஆராய்ச்சி. ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேர் வந்து குவிந்தால் தாங்குமா என்பதே அப்போது அவருடைய கவலை. அன்றைய தேதியில் அதைப் பயன்படுத்தக்கூடியவர் அவர் மனைவி ஒருவர்தான்; அவரும் தூங்கிவிட்டிருப்பார். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பெயர்களைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும். ஒவ்வொன்றையும் படித்து, பெருமூச்சு விட்டு, பணம் கட்டுவார்.

ஒருமுறை குழந்தைகளுக்குத் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று செய்யப் போனார். 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து என்று கணினியைக் கேட்டார். ஐந்து என்றது. இரண்டாம் வகுப்பில் இருந்த மகள் மூன்று என்றாள். இருவர் சொன்னதும் சரிதான். யூனிகோடின் கணக்கில் த, ம, இகரக் கொக்கி, ழ, மேலே ஒரு புள்ளி என்று ஐந்து தனித்தனி ஆசாமிகள். சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். புள்ளி முதலில் வந்து, உட்கார எழுத்தில்லாமல் ஒரு வெற்று வட்டத்தின் மேல் தொத்திக்கொண்டது. கொக்கி 'ம'வைக் கைவிட்டு 'ழ'வைப் பிடித்துக்கொண்டது. திரையில் 'ழிமத' என்று தெரிந்ததும் நம்மவருக்கு ரத்தம் சூடேறியது.

விளையாட்டை அங்கேயே நிறுத்தினார். தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணும் லைப்ரரி ஒன்றை எழுதத் தொடங்கினார். பைத்தானில் 'ஓப்பன்-தமிழ்' என்று நல்லதாகவே ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது தெரிந்தும் எழுதினார். மகள் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் ஆங்கிலச் சொல் விளையாட்டு விளையாடுகிறாள். லைப்ரரி 90 சதவீதம் முடிந்திருக்கிறது.

பெல் ஆய்வகத்து டாம் கார்கில் இந்தச் சதவீத விஷயத்தை எப்போதோ வேடிக்கையாகச் சொல்லிவைத்துவிட்டார்: முதல் 90 சதவீத வேலை 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும், மீதிப் பத்து இன்னொரு 90 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். நம்மவருக்கு இது மனப்பாடம். அதனால்தான் அந்தப் பத்தின் பக்கமே அவர் போவதில்லை.

போனார் ஒருமுறை. தண்ணீர்த் தொட்டிக்காக.

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் போனில் பார்க்க வேண்டும். தொட்டி நிறைந்ததும் மோட்டர் தானே நிற்க வேண்டும். ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ராஸ்பெரி பை, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ரிலே வாங்கிவந்தார். தொட்டி மூடியின் உட்புறம் இருந்து சென்சார் கீழ்நோக்கி ஒலி அனுப்பும். தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, இடைவெளியைச் சொல்லும். பல ஞாயிற்றுக்கிழமைகள் இதில் போயின. அவர் எழுதிய டாஷ்போர்டை நான் பார்த்திருக்கிறேன். நீல நிறத்தில் தண்ணீர் தளும்பும். கோடுகள், வட்டங்கள், வாராந்தர வரைபடம் எல்லாம் இருந்தன. மெட்ரோ வாட்டர் தலைமை அலுவலகத்தில்கூட இவ்வளவு அழகாக இருக்குமா என்று சந்தேகம்தான்.

திறப்பு விழா அன்று மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"டேய், தொட்டி ரொம்பி ஊத்துதுடா. மோட்டரை நிறுத்து."

"இல்லம்மா, பன்னெண்டு சதவீதம்தான் இருக்கு."

"தண்ணி விழுற சத்தம் கேக்குதுடா!"

"டாஷ்போர்டுல பன்னெண்டுதாம்மா காட்டுது."

பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வத்தல் மிதக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சென்சார் சொன்னது மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள தூரம். தொட்டி நிறைய நிறைய அந்த எண் குறையும். நம்மவர் அதையே தண்ணீர் மட்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரே ஒரு கழித்தல் விட்டுப்போயிருந்தது. அன்று சாயங்காலமே சரிசெய்தார். அடுத்த வாரம் சென்சாரில் ஈரம் கோத்துக்கொண்டு தொட்டி ஆகாயம்வரை ஆழம் என்றது. வத்தலுக்கு உரிய நஷ்ட ஈட்டை அம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு கிலோ ஜவ்வரிசியாகக் கொடுத்துத் தீர்த்தார். இப்போதும் அம்மாவின் காதுதான் மோட்டரை நிறுத்துகிறது. டாஷ்போர்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்க அழகாக.

காலையில் பால் பாக்கெட் எடுப்பதற்கு முன்னால் உலகத் தொழில்நுட்பச் செய்திகளைப் படித்துவிடுவது நம்மவர் வழக்கம். படித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் அகப்படுவது மனைவிதான். 2024 மார்ச் இறுதியில் அப்படித்தான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு எக்ஸ்இசட் கதையைச் சொன்னார். லினக்ஸ் கணினிகளில் எங்கும் பரவியிருக்கும், ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி அது. சம்பளமில்லாமல் ஒரே ஒரு மனிதர் அதை வருடக்கணக்காகக் காப்பாற்றிவந்தார். உதவி செய்கிறேன் என்று வந்த ஒரு மர்ம ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் நல்லவனாக நடித்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, அதற்குள் கள்ளக் கதவு வைத்துவிட்டான். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"அரை செகண்ட்! நினைச்சுப் பாரு, அரை செகண்ட் லேட்டாகுதுன்னு கவனிச்சிருக்கார் மனுஷன். அதான் அட்டென்ஷன்!"

"குக்கர் ஏழு விசில் வந்தாச்சு. மூணுல நிறுத்தச் சொன்னேன்."

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். நம்மவரைப் போன்றவர்கள் இரவில் பொழுதுபோக்காகத் தொடங்கியவற்றின் மேல்தான் பாதி உலகம் நிற்கிறது என்பதும் உண்மை. லினக்ஸே 1991-இல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவரின் பொழுதுபோக்குதான். 2016-இல் ஒருவர் கோபித்துக்கொண்டு தன் 11 வரி புரோகிராமைப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட, உலகமெங்கும் பெரிய பெரிய கம்பெனிகளின் வேலை அப்படியே நின்றது. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்ப்பதுதான் அந்த 11 வரியின் முழு வேலை. ஆகவே நம்மவரின் முடியாத லைப்ரரியைப் பார்த்து நான் ரொம்பச் சிரிப்பதில்லை. நாளைக்கே ஏதாவது ஒரு வங்கி அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை விஷயத்தில் மட்டும் தாய்க்கும் மகனுக்கும் ஒத்துப்போகாது. அம்மாவின் கணக்கில் வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. மீதி நேரம் நல்ல காரியம் தொடங்க உகந்தது. நம்மவருக்கு வெள்ளிக்கிழமை முழுக்க ராகுகாலம். அன்றைக்குப் புதிதாக எதையும் புரொடக்‌ஷனில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் சனி, ஞாயிறு இரண்டும் காலி. பகுத்தறிவுவாதி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர் இதில் மட்டும் அசைய மாட்டார். சாட்சிக்கு 2024 ஜூலை 19-ஐ இழுப்பார். கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு மல்லாந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிழமையைப் பாருங்கள்: வெள்ளி.

"அது ராகுகாலத்துல பண்ணிருப்பான்டா" என்பது அம்மாவின் தீர்ப்பு.

இப்போது ஏஐ வந்திருக்கிறது. வேண்டியதை வாயால் சொன்னால் போதும், புரோகிராமை அது எழுதிக்கொள்ளும் என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்பதி இதற்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்ததும் சொந்தக்காரர்களுக்கு நம்மவர்மேல் புதிதாக ஒரு கரிசனம் பிறந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியப்பா ஆரம்பிப்பார்: "என்னப்பா, இனிமே உங்க வேலையெல்லாம் அதுவே பண்ணிடுமாமே?" நம்மவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டு, "பண்ணட்டும் பெரியப்பா" என்பார். பெரியப்பா ரகசியக் குரலில் அடுத்ததைக் கேட்பார்: "சரி, நம்ம வீட்டுப் பிரின்டர் ஏன் கோடு கோடா அடிக்குது?" இருபது வருட அனுபவமும் அந்த இடத்தில் தலைகுனியும்.

ஏஐ அவர் வேலையைப் பறித்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வேறொன்றைச் செய்துவிட்டது. முன்பு 90 சதவீதத்தை எட்ட அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. இப்போது இருபது நிமிடத்தில் எட்டிவிடுகிறார். மிச்ச இரவை அதோடு சண்டை போட்டுக் கழிக்கிறார். தப்பைச் சுட்டிக்காட்டினால் அது மிகுந்த பணிவோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு தப்பைச் செய்கிறதாம். அலுவலகத்தில் ஜூனியர்கள்கூட இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை என்று ஒருநாள் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

அவருடைய பெரிய நம்பிக்கை 2038. பழைய 32 பிட் கணினிகள் 1970 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டு வருகின்றன. 2038 ஜனவரி 19 அன்று அந்த எண் நிரம்பி, தேதி 1901-க்குத் தாவிவிடும். 2000 பிறந்ததும் கணினிகளில் தேதி குழம்பிவிடும் என்று உலகம் பயந்த ஒய்2கே காலத்தில், அதைச் சரிசெய்ய அமெரிக்கா போன அத்தான் வீடு வாங்கினார். தனக்கு வாய்த்திருக்கும் ஒய்2கே இதுதான் என்று நம்மவர் இப்போதே அதற்கு ஒரு பரிசோதனைக் கருவி எழுதிவருகிறார். எவ்வளவு முடிந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அன்பாக நடத்துங்கள், அவருடைய டாஷ்போர்டைப் பார்த்து நாலு வார்த்தை பாராட்டுங்கள், பிரின்டர் பேச்சை எடுக்காதீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: "இதுக்கு ஒரு ஆப் இருந்தா நல்லா இருக்கும் இல்ல?" என்று இரவு பத்து மணிக்கு மேல் அவரிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் செருப்பை மாட்டுவதற்குள் டொமைன் வாங்கியிருப்பார்.