தூங்கும் பாக்கி: அடுக்குமாடி அண்டை வீட்டாரின் பழைய லாரித் தண்ணீர்க் கணக்கு குறித்த ஓர் ஆய்வு

அண்டை வீட்டார் ஒருவர், ஒரு பொதுச் செலவின் பங்கை அச்செலவு நேர்ந்த காலத்தில் கேளாமல் விட்டு, எதிர்த் தரப்பு அதனை மறந்தோ மறந்ததாக நம்பியோ வாழத் தொடங்கிய பின்னர் கேட்பாராயின், அத்தொகை இக்கட்டுரையில் 'தூங்கும் பாக்கி' எனப்படும். கேட்பவர் 'செலவிட்டார்' எனவும் கேட்கப்படுபவர் 'பங்குடையார்' எனவும் சுட்டப்பெறுவர். 'கடன் கொடுத்தவர்', 'கடனாளி' என்னும் வழக்குகள் தவிர்க்கப்பட்டதற்குக் கடன் என ஒன்று உண்டா என்பதே இங்கு வழக்காக இருப்பது ஒரு காரணம். அவற்றுள் ஒன்றை மாடிப்படியில் நின்று உரக்கச் சொன்னால் நேரக்கூடியவை மற்றொரு காரணம். கைமாற்று இவ்வரையறைக்குள் அடங்காது. கைமாற்றில் வாங்கியவர் தாம் வாங்கினோம் என்பதையாவது அறிவார். தூங்கும் பாக்கியில் பங்குடையார் எதையும் கைநீட்டி வாங்கியதில்லை, அவர் வீட்டுக் குழாயில் ஒருநாள் தண்ணீர் வந்தது, அவ்வளவே.

இத்தொகைக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு. ஐம்பது ரூபாய்க்குக் குறைந்தால் கேட்பவருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. பல்லாயிரமானால் வக்கீல் வந்துவிடுகிறார். இடைப்பட்ட சில நூறு ரூபாய்ப் பரப்பில்தான் பாக்கி நெடுங்காலம் உயிர்வாழ்கிறது. சட்டம் இச்சிறு தொகைகளைப் புறக்கணித்ததாகச் சொல்ல இயலாது. சென்னையில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிறுவழக்குகள் நீதிமன்றம் இன்றளவும் இயங்குகிறது. தமிழ்நாட்டில் பணவழக்குக்கான நீதிமன்றக் கட்டணம் 2017இல் ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆகவே ஐந்நூறு ரூபாய்க்கு வழக்காடக் கட்டணம் பதினைந்து ரூபாயே. நீதிமன்றம் உள்ள பாரிமுனைக்குப் போய்வரும் ஆட்டோவுக்கு ஆவது தனி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, 25,000 ரூபாய்க்கு மிகாத பணவழக்கில் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது எனத் தடுத்துள்ளதால், இத்தகைய வழக்கை உச்சநீதிமன்றம்வரை கொண்டுபோவேன் என்று மாடிப்படியில் விடுக்கப்படும் அறைகூவல்களுக்கு இலக்கிய மதிப்பு மட்டுமே உண்டு.

தூங்கும் பாக்கிகள் செழித்த காலமாக 2019ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னை ஆய்வாளர் எவரும் தயக்கமின்றிச் சுட்டுவர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஜூலை 12 அன்று வில்லிவாக்கத்துக்கு ரயிலேறி வந்து சேர்ந்த அந்தப் பருவத்தில், மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிந்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க மாட்டாத குடியிருப்புகள் தனியார் லாரிகளை நாடின. அவை பெரும்பாலும் இரவில் வந்தன. குழாயை 'சம்ப்'பில் இறக்கும் ஓட்டுநர் பணத்தைக் கையில் வாங்காமல் வால்வைத் திறக்கமாட்டார் என்பதாலும், அவ்வேளையில் எட்டு வீட்டுக் கதவையும் தட்டிப் பங்கு திரட்டுவது நடவாது என்பதாலும், விழித்திருந்தவர் எவரோ அவரே முழுத்தொகையையும் கொடுத்தார். பால்கனிகளிலிருந்து "குடுத்துடுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்னும் ஒப்புதல் ஒலித்தது. அந்த ஒப்புதலைத் தந்தவர் யார், தந்தவர்கள் எத்தனை பேர் என்பன பின்னாளில் எழுந்த எல்லாப் பூசல்களுக்கும் மூலம்.

பங்கைக் கணக்கிடும் முறையில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. எட்டு வீடுகள், இருபத்தைந்து பேர், மொத்தம் 6,400 சதுர அடி கொண்ட ஒரு கட்டடத்துக்கு 12,000 லிட்டர் லாரி ஒன்று 4,000 ரூபாய்க்கு வந்ததாகக் கொள்வோமாயின், வீட்டுவாரிக் கணக்கில் வீட்டுக்கு 500 ரூபாய். தலைவாரிக் கணக்கில் தலைக்கு 160 ரூபாய், எனவே முதிய தம்பதியர் மட்டும் வாழும் வீட்டுக்கு 320, ஆறுபேர் குடும்பத்துக்கு 960. நிலத்தில் உள்ள பிரிவுபடாத பங்கை ஒட்டிச் சதுர அடிவாரியாகப் பிரித்தால், அந்த முதிய தம்பதியரின் வீடு ஆயிரம் சதுர அடியாக இருக்கும் பட்சத்தில் 625. ஒரே தண்ணீருக்கு ஒரே வீடு மூன்று விதமாகக் கடன்பட்டிருக்கிறது. செலவிட்டார் எப்போதும் மூன்றில் பெரியதையும், பங்குடையார் சிறியதையும், நியாயம் என்ற ஒரே பெயரால் அழைப்பது கவனத்துக்குரியது. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பூட்டிவைத்துள்ள வீட்டின் பங்கு எது என்பது தனி நூலுக்குரிய பொருள்.

இதனினும் கடினமானது 'எந்த லாரி' என்னும் சிக்கல். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வகுக்கப்பட்டுள்ள அளவைப் பின்பற்றினால்கூட 12,000 லிட்டர் அந்த இருபத்தைந்து பேருக்கு மூன்றரை நாளே வரும்; மாதத்துக்கு எட்டு லாரிக்குமேல் வந்திருக்க வேண்டும். செலவிட்டார் தாம் காசு கொடுத்த லாரியை நினைவில் வைத்திருக்கிறார். பங்குடையாரும் தாம் காசு கொடுத்த லாரியை நினைவில் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே லாரியல்ல என்பதை இருவரும் ஏற்பதில்லை. பூசல்களில் பெரும்பாலானவை பொய்யினால் அன்றி, இரண்டு உண்மைகள் வெவ்வேறு செவ்வாய்க்கிழமைகளைச் சேர்ந்தவை என்பதனால் விளைகின்றன.

பொதுநீரின் கணக்கு பூசலுக்கு உள்ளாவது இந்நாட்டுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கும்போது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் விலக்கிவைத்தன. உறவினரையும் சேர்த்து விலக்கிய நுட்பம் வியக்கத்தக்கது. கணக்குக் காட்டாதவரின் மைத்துனரே அடுத்த செயலாளராக வரும் வழக்கத்தை உத்திரமேரூர்ச் சபையார் கண்டிருக்க வேண்டும். இக்கால அசோசியேஷன்களின் விதிநூல்களில் இத்தகைய பிரிவு இல்லாமை வருந்தத்தக்கது.

காலம் கடந்தபின் கேட்கலாமா என்னும் வினாவுக்குச் சட்டம் தரும் விடை தெளிவானது, ஆனால் எவருக்கும் உதவாதது. மற்றொருவருக்காகக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், பணம் கட்டிய நாளிலிருந்து மூன்றாண்டு தருகிறது. 2019 ஜூலை முதல் நாள் கட்டிய லாரிப் பணம் 2022 ஜூலையில் காலாவதியாகியிருக்க வேண்டும். கொரோனா குறுக்கிட்டது, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை எல்லாக் காலவரையறையிலிருந்தும் கழித்துவிட வேண்டும் என உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. எனவே அந்தப் பாக்கி 2024 ஜூன் நடுப்பகுதி வரை நீதிமன்ற வாசலில் உயிரோடு நின்றது. பங்குடையார் ஒருவர் 2023இல் "மூணு வருஷம் ஆச்சே, இனிமே கேக்க முடியாது" என்று மொழிந்திருப்பாராயின், அவர் சட்டத்தையும் இழந்து அண்டை வீட்டாரையும் இழந்தவராவார்.

காலவரையறை வழக்காடும் வழியை மட்டுமே அடைக்கிறது, பணத்துக்கான உரிமையை அழிப்பதில்லை என்பது சட்ட வல்லுநர் கொள்கை. நீதிமன்றக் கதவு சாத்தப்படுகிறது. மாடிப்படி திறந்தே கிடக்கிறது. மேலும், காலம் முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். காலம் முடிந்த பின்னரும்கூடத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதி, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி செல்லும். "சரி சார், அப்புறம் தர்றேன்" என்னும் வாட்ஸ்அப் செய்தி கையொப்பமிட்ட எழுத்தாகுமா என்பதில் வாதத்துக்கு நிறைய இடமுண்டு. கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில், ஆளிவிதை ஒப்பந்தம் ஒன்றின் படத்துக்கு மறுமொழியாக அனுப்பப்பட்ட கட்டைவிரல் சின்னத்தைச் சம்மதமாகவே கொண்டு, அனுப்பிய உழவர் 82,000 டாலருக்குமேல் இழப்பீடு தரவேண்டும் என நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. குடியிருப்புக் குழுக்களில் காலை வணக்கத்துக்கும் இரங்கலுக்கும் ஒரே விரலை உயர்த்திப் பழகியோர் இத்தீர்ப்பை ஒருமுறை படிப்பது நலம்.

எதிர்வாதங்களுள் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த செயலின் பயனை மற்றவர் துய்த்தால் ஈடு தரவேண்டும் என்கிறது. இதற்கு மாறாகப் பங்குடையார், "எங்க சின்டெக்ஸ்ல தண்ணி இருந்துச்சு, நாங்க கேட்டோமா?" என வினவுவது வழக்கம். பயன் துய்த்தார் எனக் காட்டும் சுமை செலவிட்டார்மேல் விழுகிறது. ஆறாண்டுக்கு முன்னர் ஒருவர் குளித்தார் என்பதை மெய்ப்பிப்பது எளிதன்று.

சான்றுகளைப் பொறுத்தவரை நிலைமை இரங்கத்தக்கது. லாரிக்காரர் கார்பன் தாள் வைத்து எழுதிக்கொடுத்த சீட்டில் வண்டி எண் தெரியும், தொகை தெரியாது. அல்லது தொகை தெரியும், தேதியின்மீது சாம்பார் தெரியும். "அன்னிக்கே ரெண்டாயிரம் நோட்டா குடுத்து மிச்சம் வாங்கிக்கிட்டேனே" எனப் பங்குடையார் சாதிக்கும்போது, அந்த நோட்டே 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டுவிட்டதால் சான்றுப்பொருளை ரிசர்வ் வங்கியே எடுத்துக்கொண்டுபோனதாகிறது. செலவிட்டாரின் கணக்கு நோட்டு, அதாவது மளிகை, பால், பேப்பர் ஆகியவற்றோடு 'லாரி' எனவும் எழுதி அடிக்கோடிட்ட நோட்டு, மதிப்புடைய ஆவணமே; எனினும் முறையாக எழுதிவந்த வணிகக் கணக்குப் பதிவுகள்கூடத் தனித்து நின்று ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதா என்பது நெடுங்காலச் சாட்சிய விதி.

இனி, இதுவரை கூறிய எதுவும் பூசலுக்குக் காரணமன்று என்பதைக் கூற வேண்டியுள்ளது. பாக்கி ஆறாண்டு தூங்கியதற்கு மறதி காரணமாயின், அது தானே விழித்ததற்குக் காரணம் காட்ட முடியாது. உற்றுநோக்கினால், கோரிக்கை எழுந்த நாளுக்குச் சில நாள் முன்பாக வேறொன்று நேர்ந்திருப்பது புலப்படும்: மேல்வீட்டு ஏ.சி. தண்ணீர் கீழ்வீட்டுக் கொடித்துணியில் சொட்டியிருக்கும், செருப்பு அலமாரி நடைபாதைக்கு ஒரு சாண் முன்னேறியிருக்கும், விருந்தினர் கார் பிறருடைய இடத்தில் ஓர் இரவு தங்கியிருக்கும், அல்லது குளியலறைக் கசிவைச் சரிசெய்ய யார் செலவு என்னும் பேச்சு முறிந்திருக்கும். இவற்றைச் சொல்லிச் சண்டையிடுவது அற்பமாகத் தோன்றும் என அஞ்சும் நல்லோர், கௌரவமான ஒரு காரணத்தைத் தேடிப் பழைய நோட்டைப் புரட்டுகின்றனர். தூங்கும் பாக்கி என்பது நெருக்கடிக்கென அலமாரியில் வைத்திருக்கும் கைமருந்து போன்றது. எந்த நோய்க்கு எடுத்தார்கள் என்று கேளாமல் சீட்டை மட்டும் படிப்பதால் பயனில்லை.

இப்பூசலுக்கு முன்னறிகுறிகள் உண்டு. முதலாவது, இரு வீடுகளுக்கிடையே கணக்கின்றிப் போய்வந்த கறிவேப்பிலையும் பால் பாக்கெட்டும் நின்றுபோதல். அடுத்தது விளிச்சொல் மாற்றம்: 'அண்ணே' என்றும் 'அங்கிள்' என்றும் அழைக்கப்பட்டவர் கோரிக்கை நாளில் 'சார்' ஆகி, மறுப்பு நாளில் 'அவரு' ஆகி, குழுவில் செய்தி ஏறும்போது 'எஃப்-2' என்னும் கதவெண்ணாகச் சுருங்குகிறார். 'மாமி' 'மேடம்' ஆவதும் இவ்வகையே. கதவெண் நிலைக்கு முன் தலையிட்டால் குணப்படுத்தலாம். அதன்பின் பொதுக்குழுக் கூட்டம்தான்.

எனவே பங்குடையார் "தப்பா நினைக்காதீங்க சார், பத்தொன்பதுல ஒரு லாரி போட்டோமே" என்னும் மரபுத் தொடக்கத்தைக் கேட்டவுடன் மறுக்கவும் கூடாது, ஒப்பவும் கூடாது. உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காபி கொடுத்தல் சட்டத்தின் எப்பிரிவிலும் கடன் ஒப்புதலாகாது. சீட்டு இருக்கிறதா எனக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்கும் தொனி, தேட உதவுவோர் தொனியாக இருக்க வேண்டும். அதற்கிடையே ஏ.சி. குழாயைப் பற்றித் தாமே பேச்செடுத்து, நாளை பிளம்பர் வருகிறார் என்று சொல்லி, மெய்யாகவே வரவழைத்தால், பாக்கி 625இலிருந்து 320க்குத் தானே இறங்குவதைக் காணலாம். முற்றாக மறைவதில்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்ட தொகையைச் செலவிட்டார் சும்மா விட்டுவிட்டால் வீட்டில் அவருக்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஆகவே ஏதேனும் ஒரு தொகையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கொடுக்கும் முறையில் ஒரு நுட்பம் உள்ளது. ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60ஆம் பிரிவுகளின்படி, பணம் தருபவர் அது எந்தக் கடனுக்கு என்று குறிப்பிட்டால் அதற்கே வரவு வைக்க வேண்டும். குறிப்பிடாமலும் சூழ்நிலையால் தெரியாமலும் விட்டால், பெறுபவர் காலாவதியான கடனுக்கும்கூட வரவு வைத்துக்கொள்ளலாம். செலவிட்டாரே இவ்வாண்டின் அசோசியேஷன் பொருளாளராகவும் இருப்பின், பங்குடையார் குறிப்பு எழுதாமல் செல்பேசியில் அனுப்பும் பணம், மாத மெயின்டனன்ஸாகப் புறப்பட்டு லாரித் தண்ணீராகச் சென்றடையும் அபாயம் உண்டு. ஆகவே அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் 'லாரி 2019, முழுத் தீர்வு, 320' என எழுதுதல் வேண்டும். ரொக்கமாகத் தருவதாயின் ரசீது கேட்க வேண்டும் என்பதே நூல்நெறி. கேட்டவர்க்கு "நமக்குள்ள என்ன சார் ரசீது" என்னும் விடையே கிடைத்துவருகிறது. அவ்விடைக்குப்பின் வற்புறுத்தினால் செருப்பு அலமாரி மேலும் ஒரு சாண் முன்னேறும் என்பதால், பங்குடையார் அன்றிரவே தம் வீட்டு நோட்டில் தேதியும் தொகையும் எழுதி அடிக்கோடிட்டு வைத்துக்கொள்கிறார்.