கோவிவனுக்கு இருக்கும் கோப்பு

பெறுநர்: (காலியாக விடப்பட்டுள்ளது)
அனுப்புநர்: மின் நுகர்வோர் ஒருவர், செங்கம்

மின்சாரக் கோப்புகளைக் காத்தருளும் பெருந்தகையீர்,

பெறுநர் இடத்தை நிரப்பாததற்குப் பொறுத்தருள வேண்டும். 1957இல் பிறந்த மின்சார வாரியம் 2010இல் மூன்றானது. 2024இல் பகிர்மானத்துக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று என மறுபடியும் பாகம் பிரித்தார்கள். எங்கள் ஊரில் எல்லாமே இன்னும் ஈ.பி.தான். இதைப் படிப்பவர் எந்தக் கழகமோ, அந்தப் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்ளவும்.

எங்கள் பக்கம் நடுகற்களுக்குப் பேர்போனது. எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். ராஜா யார், ஆட்சியாண்டு 34, நாயின் பெயர் கோவிவன், அது கடித்த கள்ளர் இரண்டு பேர் என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. வெட்டவெளியில் நிறுத்தின கல். படிக்கத் தகவல் உரிமை மனு போட வேண்டாம், முப்பது நாள் காத்திருக்கவும் வேண்டாம்.

2021 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர், கம்பியில் அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்றார். தமிழ்நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அணில் ஏறினால் லைன் ட்ரிப் ஆகும் என்று எந்த லைன்மேனும் சொல்வார். என் வருத்தமெல்லாம் எந்த ஃபீடரில், என்றைக்கு, எத்தனை அணில் என்பதுதான். கோவிவனுக்குக் கிடைத்த ஒரு வரி அந்த அணில்களுக்குக் கிடைக்கவில்லையே!

பெருமைக்குரிய கணக்கு மட்டும் யாரும் கேட்காமலே வாசலுக்கு வந்துவிடுகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் என்பது ஊரெல்லாம் தெரியும். நாட்டு மின்தொகுப்பின் அதிர்வெண் 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் நிற்கிறதா என்று செங்கத்து டீக்கடையில் உட்கார்ந்தபடி செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். 2012 ஜூலை கடைசியில் வடக்கே கோடிக்கணக்கான பேர் இருட்டில் கிடந்தபோது, பினா - குவாலியர் 400 கே.வி. லைனில் கோளாறு தொடங்கியது என்று ஆகஸ்டிலேயே அறிக்கை வந்துவிட்டது. கிரிட் விழுந்தால் அறிக்கை. டீக்கடை ஃபேன் நின்றால் அணில்.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம், என் கிணற்று மோட்டாரும் அதில் சேர்த்தி. தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தில் ஓடும் விவசாய இணைப்புகள் சுமார் 23 லட்சம். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து இவ்வளவு ஓடியிருக்கும் என்று ஒரு மதிப்பு போடுகிறார்கள். மல்லாட்டைக் கொல்லைக்குப் பாய்ந்தது எத்தனை யூனிட், கம்பியில் வழியிலேயே கரைந்தது எத்தனை யூனிட் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. ஓட்டைக் குடத்தில் ஒழுகினதையும் என் கொல்லை குடித்ததாக எழுதலாம். நானும் ஆட்சேபிக்க மாட்டேன், பில் எனக்கு வருவதில்லையே. இன்றைக்கு மீட்டர் வைத்தால் நாளைக்குப் பில் வரும் என்று எங்களுக்குப் பயம். மீட்டர் வைத்தால் இழப்பின் நிஜ அளவு தெரிந்துவிடும் என்று தங்களுக்கும் ஒரு பயம் இருக்கலாம். இரண்டு பயமும் சேர்ந்து இத்தனை வருஷமாகச் சௌக்கியமாகக் குடும்பம் நடத்துகின்றன.

இத்தனைக்கும் இந்தியாவிலேயே முதன்முதலாக, 1997இல், தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடுதான். விலக்குகள் ஏராளம் என்பது வேறு கதை. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் நான்காம் பிரிவு 17 வகைத் தகவலை 120 நாளில் வெளியிடச் சொன்னது. அதோடு விடாமல், முடிந்த அளவுக்கு எல்லாவற்றையும் அவ்வப்போது தானாகவே சொல்லிவிடுங்கள், மனுவுக்கே வேலை வைக்காதீர்கள் என்றும் சொன்னது. டெல்லியின் தனியார் மின் விநியோக நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள்தான் வரும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2006இல் சொன்னதும், அவை நீதிமன்றத்துக்குப் போயின. தாங்கள் அப்படிக் கிளம்ப வழியில்லை. தாங்கள் அரசின் சொத்து, அதாவது எங்கள் சொத்து.

ஆகவே அடியேனின் விண்ணப்பம் சிறியது. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மர் கம்பத்திலும் மண்டையோடு போட்ட அபாயப் பலகை இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு முழம் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே ஒரு தகரத்தை அடித்து, கரண்ட் போன தேதி, நேரம், காரணம், திரும்பி வந்த நேரம் நான்கையும் மாதாமாதம் எழுதிப் போடுங்கள். காரணம் அணிலாகவே இருந்தாலும் சரி, அணில் என்றே எழுதுங்கள். பெயின்ட் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
செங்கத்து நுகர்வோர்

பி.கு.: பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டவில்லை. நான்காம் பிரிவுப்படி கேட்காமலே தர வேண்டியதற்குக் கட்டணம் கிடையாது.