தச்சரின் அகமும் புறமும்: பீல் நகரத்துப் பற்றுச்சீட்டுகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடித் தேடிப் படித்த தமிழறிஞர் உலகம், சுவிஸின் பீல் நகரத்தில் சொந்தத் தொழில் செய்யும் தச்சரின் சப்பாத்துப் பெட்டியைக் கவனிக்காமல் விட்டது பெருங்குறை. ஓராண்டுக்குரிய பற்றுச்சீட்டுகள் அனைத்தும் அதற்குள்தான் கிடக்கின்றன. கால வரிசை இல்லை. பக்க எண் இல்லை. சில சீட்டு யேர்மன் மொழியில், சில பிரெஞ்சில். ஊரே இருமொழி ஊர். 2005 முதல் அதன் அலுவற் பெயர்கூட பீல்/பியேன் என்று இரட்டையாகவே எழுதப்படுகிறது. ஆகவே பாடபேதத்துக்குக் குறைவில்லை.

ஆய்வுக்குரிய காலத்தை முதலில் வரையறுப்போம். பேர்ண் மாநிலத்தில் சம்பளக்காரர் மார்ச் 15க்குள் வரிப்படிவம் கொடுக்க வேண்டும். சொந்தத் தொழிலருக்கு மே 15 வரை தவணை. இந்த இரண்டு மாதச் சலுகையால் கணக்கு செம்மைப்பட்டதற்குச் சான்றில்லை. பெட்டியைத் திறப்பது மே 13ஆம் திகதி இரவு என்பதே மரபு.

சொந்தத் தொழிலர் என்பார் யார்? வான் வண்டியில் பெயர் எழுதி ஒட்டியவர் எல்லாம் ஆகார். முதியோர் காப்புறுதிப் பணத்தை அறவிடும் அலுவலகம் ஒருவரை அவ்வாறு ஏற்க வேண்டும். சொந்த ஆயுதம் உண்டா, பல வாடிக்கையாளர் உண்டா, நட்டம் வந்தால் தாங்குபவர் யார் என்று அது கேட்கும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவருக்குப் பரிசாக, வருமானத்தில் 10 வீதம் வரை அந்த அலுவலகத்துக்கே கட்டும் உரிமை கிடைக்கிறது. வேலையிழப்புக் காப்புறுதி கிடையாது.

இனி மூலநூலுக்கு வருவோம். கூட்டாட்சி நேரடி வரிச் சட்டம் 1990 டிசம்பர் 14இல் இயற்றப்பட்டு, 1995 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 27ஆம் பிரிவு, தொழிலால் நியாயப்படும் செலவைக் கழிக்கலாம் என்கிறது. 34ஆம் பிரிவு, தன்னையும் தன் குடும்பத்தையும் வாழவைக்கும் செலவைக் கழிக்கலாகாது என்கிறது. இதனாற் சொல்லியது யாதோ எனின், முன்னது புறத்திணையியல், பின்னது அகத்திணையியல். வரிசையைத் தலைகீழாக்கியதைத் தவிர, சுவிஸ் நாடாளுமன்றம் தொல்காப்பியரிடமிருந்து அதிகம் விலகவில்லை.

உளி, வாள், கொட்டாப்புளி, பசை, பட்டறை வாடகை ஆகியவை புறம். இதில் உரையாசிரியர் எவரும் மாறுபடார். இரும்பு முனை வைத்த சப்பாத்து புறம். அதே கடையில், அதே சீட்டில், கலியாண வீட்டுக்கென்று வாங்கிய சப்பாத்து அகம். சிக்கல் வான் விடயத்தில் எழுகிறது. கிழமை நாட்களில் பலகை ஏற்றும் அது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறது. பிற்கால இலக்கணிகள் அகப்புறம் என்று வகுத்தது இத்தகைய பொருளைத்தான் என்று துணியலாம். வரித்துறையின் தீர்வு எளிது: வாங்கிய விலையில் மாதம் 0.9 வீதம் தனிப்பயன். 30,000 பிராங் வான் என்றால் ஆண்டுக்கு 3,240 பிராங் வருமானத்தில் ஏறும். ஒரு கோயிற் பயணத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்ப்பது பக்திக்கு ஆகாது.

தேய்மானம் பற்றிய பகுதி கணித நூலார்க்கு விருந்து. கூட்டாட்சி வரித்துறையின் 1995ஆம் ஆண்டு வழிகாட்டி, கருவிகளுக்கு ஆண்டுதோறும் ஏட்டு மதிப்பில் 45 வீதம் குறைக்க இடம் தருகிறது. 4,000 பிராங் கருவித் தொகுதி முதலாண்டு முடிவில் 2,200 ஆகும். மறு ஆண்டு 1,210. இப்படியே போனால் ஒருநாளும் அது சுழியைத் தொடாது. பத்தாம் ஆண்டில் மிஞ்சுவது சுமார் 10 பிராங். நம் பழைய கீழ்வாயிலக்கத்தில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கருவியின் மதிப்பு, வாங்கிய விலையின் முந்திரிக்கும் கீழே இறங்குவது சரியாகப் பத்தாம் ஆண்டில். சொந்தத் தொழிலர் தம் கணக்கையும் சீட்டையும் பத்தாண்டு காக்க வேண்டும் என்று மேற்சொன்ன நேரடி வரிச் சட்டம் 126ஆம் பிரிவில் விதிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை எனச் சட்ட அறிஞர் சொல்லக்கூடும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

பெருந்திணைக்கு எடுத்துக்காட்டு, வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வானை நிறுத்தி வாங்கிய தண்டச்சீட்டு. வேலைக்காகத்தானே நிறுத்தினேன் என்பது பொருந்தா வாதம். தண்டப்பணம் கழிவாகாது என்பதை 2022 முதல் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

கைக்கிளைதான் மிக உருக்கமானது. தச்சர் நாள் முழுக்க இழைத்த கூலியை அவரே செலவாக எழுத முடியாது. ஆணிக்குக் கணக்குண்டு, ஆணியை அடித்த கைக்கு இல்லை. மனைவி கணக்கெழுதுகிறார், ஒப்பந்தமும் காப்புறுதியும் முறையாக இருக்கின்றன என்றால், அவருக்குக் கொடுக்கும் சம்பளம் செலவாகும். மகிழ வேண்டாம். தம்பதியர் ஒரே படிவத்தில் வரி கட்டுவதால், அது அடுத்த பக்கத்தில் வருமானமாகத் திரும்பி வந்து நிற்கும். மனைவி நெடுங்காலமாகக் கேட்ட சாமித்தட்டைப் பட்டறைப் பலகையில் செய்து கொடுத்தாலோ, பலகை தொழிலிலிருந்து வீட்டுக்குப் போனதாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாமி என்றதும் ஆயுத பூசை. கருவிகளுக்குப் பொட்டு வைக்கும் சந்தனமும் கற்பூரமும் 27ஆம் பிரிவில் அடங்குமா? அடங்கும் என்பார், பூசை தவறினால் வாள் சினக்கும் என்று காரணம் காட்டுவர். அவ்வாதத்தை யேர்மனில் எழுதிக் கொடுக்க யாரும் முன்வருவதில்லை. என் துணிபு இது: கற்பூரம் அகம், அன்று பட்டறைக்கு வந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடலையும் வடையும் விருந்தோம்பல், ஆகவே புறம். தச்சர் தின்ற வடை மீண்டும் அகம்.

பேரேடு, ஐந்தொகை என்று அஞ்சவும் வேண்டாம். ஆண்டு விற்பனை 5 இலட்சம் பிராங்குக்குக் குறைந்த தனியாள் தொழிலுக்கு வரவு, செலவு, சொத்து நிலை மூன்றும் எழுதினால் போதும். இந்நாட்டார் அதைப் பால்கொப்பிக் கணக்கு என்பர். விற்பனை 1 இலட்சத்தைத் தொட்டால் மட்டும் 8.1 வீதப் பெறுமதி சேர் வரி வந்து சேரும். ஓய்வூதிய நிதி இல்லாதவர், மூன்றாம் தூண் எனப்படும் தனியார் ஓய்வூதியச் சேமிப்பில் நிகர வருமானத்தின் 20 வீதம் வரை, 2025இல் உச்சமாக 36,288 பிராங், இட்டுக் கழிக்கலாம். பெட்டியிலுள்ள எல்லா ஆணிச்சீட்டையும் கூட்டினாலும் இத்தனை வராது. ஆனாலும் தச்சர் ஆணிச்சீட்டைத்தான் தேடுகிறார்.

பெட்டி வைத்திருக்கும் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். கடைகளில் தரும் சீட்டு வெப்பத்தில் அச்சிடப்படுவது. பத்தாண்டு தாங்காது, வானின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது. வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, எந்த வீட்டு வேலைக்கு வாங்கியது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.