வாரத்துக்கு இரண்டேகால் மணி நேரம்

கே: ரயில்வேயில் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. காலையில் நடை, பிறகு பேப்பர், பிறகு மறுபடியும் அதே பேப்பர். "எங்கேயாவது போய் நாலு பேருக்கு உபயோகமா ஏதாவது செய்யுங்களேன்" என்கிறார் மனைவி. எதிலிருந்து தொடங்குவது?
– ஓய்வு பெற்ற ஊழியர், காந்தி நகர், காட்பாடி

ப: மனைவி சொன்னதிலிருந்தே தொடங்குங்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் ஆரம்பித்த நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள், இரண்டேகால் மணி நேரமும் கொஞ்சமும் வரும். நீங்களும் அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற வேகத்தில் வாரம் முழுவதையும் எழுதிக் கொடுப்பவர்கள் இரண்டாம் மாதத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். குறைவாக ஒப்புக்கொண்டு, கிழமையையும் மணியையும் மாற்றாமல் போகிறவர்தான் நிலைக்கிறார். நேரம் தவறாமையைப் பற்றி ரயில்வேக்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கே: பட்டாளத்தில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே பேசிப் பழகிய இந்தி இங்கே யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கிறது. எனக்கு ஏற்ற வேலை ஏதாவது உண்டா?
– முன்னாள் ராணுவ வீரர், கம்மவான்பேட்டை

ப: யாருக்கும் வேண்டாததா? ஒரு நாள் காலையில் காட்பாடி ஜங்ஷனில் போய் நில்லுங்கள். ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கம், அசாம், திரிபுரா என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குகிறார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் கழித்த களைப்பு. ஒரு கையில் பெட்டி, மறு கையில் எக்ஸ்ரே கவர். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியசாலை இன்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து நிற்கிறது. அதை நம்பித்தான் இத்தனை பேரும் வருகிறார்கள். வந்து இறங்கியதும் அவர்களைத் தடுமாற வைப்பது நோயைவிட முதலில் மொழிதான். எந்த பஸ், ஆட்டோவுக்கு எவ்வளவு, காரம் குறைந்த சாப்பாடு எங்கே கிடைக்கும், எந்த வாசலில் நிற்க வேண்டும்? ஒவ்வொன்றும் ஒரு மலை.

வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார். உங்கள் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். இந்தி தேவைப்படுகிறவர்களும் இந்தி தெரிந்தவர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்க்காமலே போகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே தாங்கவில்லை. வங்காளிகளில் பலருக்கும் உங்கள் இந்தி ஓரளவு கைகொடுக்கும்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. தனியாகப் போகாதீர்கள், உங்களைப் போன்ற நாலைந்து பேரைச் சேருங்கள். வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். ரயில் நிலையமானாலும் ஆஸ்பத்திரியானாலும் நிர்வாகத்திடம் பேசி, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். லாட்ஜ், மருந்துக் கடை எதையும் சிபாரிசு செய்யாதீர்கள். யார் பணத்தையும் கையால் தொடாதீர்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதே நோய்தான்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். வைத்தியம் சொல்ல உள்ளே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வழி சொல்லத்தான் ஆள் வேண்டும்.

கே: எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் புதிய ஆட்களிடம் பேச நாக்கு எழுவதில்லை. என்ன செய்ய?
– கணக்காளர், திருவலம்

ப: கைக்கு வேலை கொடுங்கள், நாக்கு ஓய்வெடுக்கட்டும். அப்பர் பெருமான் கையில் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். அவர் பெயரைச் சொல்லி இன்றும் பழைய கோயில்களில் உழவாரப் பணிக் குழுக்கள் கூடுகின்றன. உங்கள் ஊர் வில்வநாதேசுவரர் கோயிலில் அப்படி யாராவது வருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பிராகாரத்தில் குனிந்து புல் பிடுங்கும்போது பக்கத்தில் இருப்பவர் "அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க" என்பார். தள்ளுங்கள். அறிமுகம் முடிந்தது. கோயில் வேண்டாம் என்றால் நூலகத்துக்குப் போய், கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தர அனுமதி கேளுங்கள்.

கே: பாலாற்றில் பிளாஸ்டிக் பொறுக்க ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார்கள். கையுறை போட்டுப் பொறுக்கினால் பாலாறு சரியாகிவிடுமா?
– கல்லூரி மாணவர், வாணியம்பாடி

ப: ஆகாது. ஆனாலும் போங்கள். ஆற்று மணலில் கால் வைத்து நடக்காதவருக்கு ஆற்றின் மேல் கோபமும் வராது, பாசமும் வராது.

பொறுக்குவதோடு நிற்காதவர்களின் கதையும் நம் ஊரில் இருக்கிறது. தோல் பதனிடும் கழிவு நீர் பாலாற்றிலும் வயல்களிலும் கலக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே சீரமைக்கும் செலவையும் இழப்பீட்டையும் ஏற்க வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால், முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இந்த இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. இன்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் வேலூரை அந்த வழக்கின் பெயரில்தான் முதலில் சந்திக்கிறார்கள். ஆறு மட்டும் இன்னும் முழுக்கத் தேறவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் பாலாற்றை மீட்பதையும் பற்றி மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது.

தோல் தொழில் பல்லாயிரம் வீடுகளுக்குச் சோறு போடுகிறது என்பதை மறந்து பேசுவதும் தவறு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தேவை. ஒரு ஞாயிறு குப்பை பொறுக்குங்கள். அடுத்த ஞாயிறு நாலு பேர் உட்கார்ந்து அந்தத் தீர்ப்புகளைத் தமிழில் வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவின் கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லி மனு எழுதுங்கள். அதுவும் தொண்டுதான், அதிலும் நண்பர்கள் கிடைப்பார்கள். நீண்ட வழக்கு நடத்தியவர்களின் நட்பு லேசில் அறுவதில்லை.

கே: சேவை செய்யும்போது படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

ப: துடைப்பம் படத்தில் வரலாம், நட்ட மரக்கன்று வரலாம். உதவி வாங்குகிறவரின் முகம் வரவே கூடாது.

கே: ஷூ கம்பெனியில் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, அதிலும் துணி துவைத்து, மாவரைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். சேவை எல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானா அண்ணா?
– தொழிலாளி, ஆம்பூர்

ப: தங்கச்சி, உங்கள் ஞாயிறு உங்களுடையது. முதலில் தூங்குங்கள். உங்களிடம் இன்னும் கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. மனசு கேட்டால் மட்டும் ஒரு யோசனை. உங்கள் லைனில் சம்பள ரசீதை அடுத்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் அக்கா ஒருவர் இருப்பார். சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பத்து நிமிஷம் எழுத்துச் சொல்லிக்கொடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இப்போதும் பதினைந்து வயது தாண்டியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டால் சொல்வார்கள்.

கே: வயது 62. இதுவரை இரத்தம் கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கலாமா?
– வியாபாரி, குடியாத்தம்

ப: முதல் முறை கொடுப்பவருக்கு 60 வயதுதான் எல்லை, ஏற்கெனவே கொடுத்துப் பழகியவர் 65 வரை கொடுக்கலாம். நீங்கள் மகனை அழைத்துப் போங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

கே: ஆறு வாரமாக ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், நண்பர் என்று ஒருவரும் ஆகவில்லையே?
– வங்கி ஊழியர், காட்பாடி

ப: பொறுங்கள், இன்னும் மணி ஆகவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறது. வாரத்துக்கு இரண்டேகால் மணி என்றால் நீங்கள் இதுவரை பதினாலு மணி நேரம்கூடப் போகவில்லை. அதே கிழமை, அதே நேரம் போய்க்கொண்டிருங்கள். நீங்கள் வராத வாரம் "ஏன் சார் வரலை?" என்று ஒருவர் போன் செய்வார். அவர்தான்.

கே: 71 வயது, முட்டி வலி. நடக்கிற வேலை எதுவும் முடியாது. என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, விருதம்பட்டு

ப: டீச்சர், உட்கார்ந்து செய்கிற வேலைக்குத்தான் ஆளே கிடைப்பதில்லை. கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று ஒரு பெரிய வலி தணிப்பு இயக்கத்தை நடத்துகிறார்கள். மருந்தும் கட்டும் நர்ஸ் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பதும், அந்த வீட்டுப் பெண் ஒரு மணி நேரம் கடைக்குப் போய்வர இடம் கொடுப்பதும் அக்கம்பக்கத்தார் வேலை. உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கும். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதுகு சாய்க்கிற மாதிரி நல்ல நாற்காலியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.