முதலாளியின் புது வண்டி

வாழ்த்துகள், முதலாளி! இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த மஞ்சள் வண்டி போர்டிகோவில் பளபளவென்று நிற்கிறது. 110 சதவீதம் சுங்கம், அதற்கு மேல் 40 சதவீதம் ஜிஎஸ்டி கட்டியும் வாடாத உங்கள் முகத்தைப் பார்த்துத் தெருவே மலைத்துப் போயிருக்கிறது. வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நாலு பேரிடம் விசாரித்தீர்களாம். ஐந்தாவது ஆளாக நானும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வேண்டாம்.

முதலில் சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். நாலு கோடி வண்டிக்கு எண்பது லட்சம். சுங்கத்துக்கு வாடாத முகம் இங்கேதான் லேசாக வாடும். சுங்கம் கட்டாமல் வண்டி துறைமுகக் கேட்டைத் தாண்டாது. சாலை வரிக்கோ வழி இருக்கிறது. வரி கம்மியான புதுச்சேரியில் உங்களுக்கு ஒரு மாடி போர்ஷன் இருக்கும் விஷயம் அன்றைக்குத்தான் உங்களுக்கே தெரியவரும். ஒரு ராத்திரிகூடப் படுத்தறியாத போர்ஷன். ஆனால் பதிவுச் சான்றிதழில் நிரந்தர முகவரி அதுதான். கேரளத்து நட்சத்திரங்கள் சிலர் இப்படிப் புதுச்சேரிவாசிகள் ஆனதாக 2017-இல் புகார் கிளம்பி, வழக்கு வரை போனது. கடற்காற்று உடம்புக்கு நல்லதுதானே.

வரியில் மிச்சம் பிடித்ததை நம்பரில் போடலாம். 2025 ஏப்ரலில் கொச்சியில் ஒரு லம்போர்கினிக்கு 0007 என்ற எண்ணை 45.99 லட்சத்துக்கு ஏலம் எடுத்தார்கள். நாலு இலக்கம், அதில் மூன்று பூஜ்யம். பணம் அரசாங்கத்துக்குத்தான் போயிற்று என்பதால் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

பூஜைக்குப் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் கொண்டுபோங்கள். ஆட்டோவுக்கும் லாரிக்கும் காவல் நிற்கிறவர், உங்களை மட்டும் விட்டுவிடுவாரா? எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். பூசணிக்காயை ஏற்றினால் உடைவது பூசணிக்காயாக இருக்காது. வேகத்தடைக்கு உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லியிருக்கிறது. நம் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டி எழுப்பிய மேட்டுக்கு அந்தச் சங்கதி தெரியாது. இதற்காகவே வண்டியின் மூக்கைத் தூக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே தூக்கி வைத்திருக்கும் மூக்கு போதாதாம்.

பராமரிப்பு என்றால் சும்மாவா! பெயிண்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிலிம். பிலிமுக்கு மேல் செராமிக் கோட்டிங். ஓட்டாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று ராப்பகலாக ஒரு சார்ஜர். கழுவுவதற்கு இரண்டு பக்கெட் தண்ணீர், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி அலச. கழுவுகிற பையன் காலையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்தவன். துணியைத் தரையில் போட்டால் திட்டு வாங்குவான், மணல் ஒட்டிக் கோடு விழுமாம். ஐப்பசியில் ரெட் அலர்ட் என்றால் வேளச்சேரி மேம்பாலத்தில் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள். 2024 அக்டோபரில் நடுத்தர வர்க்கமே அங்கே கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. மேட்டில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியவை எவை என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

இனி ஓட்டுவது. சென்னை மாநகரில் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று 2023 நவம்பரில் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது. உங்கள் வண்டி முதல் கியரிலேயே அதைத் தொட்டுவிடும். மீதி ஆறு கியருக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள்? ஓட்டியே தீர வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, 1990-லிருந்து. ஆனால் அங்கே ஹெல்மெட் போடச் சொல்வார்கள். பக்கத்தில் ஓட்டுகிற பொடியன் உங்களை அநாயாசமாகத் தாண்டிப் போவான். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈ.சி.ஆர்.தான் உத்தமம். மீன்கூடையோடு சாலையைக் கடக்கிற பெண்கள் விலகிக்கொள்வார்கள். விலகிப் பழகியவர்கள்.

எல்லாரும் விலகிவிடுவதில்லை. 2016 செப்டம்பரில் ராதாகிருஷ்ணன் சாலையில் விடியும் முன் ஒரு போர்ஷே, வரிசையாக நின்ற ஆட்டோக்களுக்குள் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்களில் ஒருவர் செத்துப்போனார். அந்த ஆட்டோக்களும் முனீஸ்வரரிடம் பூஜை போட்டவையாகத்தான் இருந்திருக்கும். 2024 ஜூனில் பெசன்ட் நகரில் சாலையோரம் படுத்திருந்த 24 வயதுப் பெயின்டர் மேல் ஒரு பிஎம்டபிள்யூ ஏறியது. ஓட்டியதாக வழக்கில் சேர்க்கப்பட்டவர் ஒரு ராஜ்யசபா உறுப்பினரின் மகள். காவல் நிலையத்திலேயே ஜாமீன். சட்டத்தில் இடமிருக்கிறது, அதனால் யாரும் சட்டத்தை மீறவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் புனே. மே 19, கல்யாணி நகர். பாரிலிருந்து கிளம்பிய 17 வயதுப் பையன், கையில் போர்ஷே டைகான். மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் செத்துப்போனார்கள். அன்றைக்கே சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனை, சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை. செத்தது இரண்டு பேர். ஆளுக்கு 150 வார்த்தை. ஊர் கொதித்த பிறகுதான் உத்தரவை மாற்றினார்கள். பையனின் ரத்தம் குப்பைக்கும் தாயின் ரத்தம் குப்பிக்கும் போனதாகப் போலீஸ் குற்றம் சாட்டியது. சாசூன் அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானார்கள். ஓட்டியது தான்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி குடும்ப டிரைவரை மிரட்டியதாகத் தனி வழக்கு. ஓட்டுவதற்குச் சம்பளம் கொடுத்தோமே, ஓட்டாததற்கும் அவனே நிற்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் கைகட்டிப் பேசுவது இத்தோடு போதும், முதலாளி. அந்தப் புனே வண்டிக்கு நம்பர் பிளேட்டே கிடையாது. பெங்களூரில் வாங்கிய தற்காலிகப் பதிவோடு ஓடியது. மின்சார வண்டி என்பதால் மகாராஷ்டிராவில் சாலை வரியும் இல்லை. நிரந்தரப் பதிவுக்குக் கட்ட வேண்டியிருந்தது 1,758 ரூபாய். கோடிகளில் வண்டி வாங்கியவர் வீட்டில் மார்ச்சிலிருந்து அதைக் கட்ட ஆளில்லை. வரி ஏய்ப்பு என்றால்கூட ஒரு கணக்கு புரியும். இது ஏய்ப்பே இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டர் என்று ஒன்று தங்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. மைனரிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றவனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். அதையும் இவர்களுக்காக எழுதியதாக இவர்கள் எண்ணவில்லை; எக்ஸெல் மொபெட்டில் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறவனுக்காக எழுதியது என்று விட்டுவிட்டார்கள்.

நம்பர் இல்லாத வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டால், இடித்தது எதுவென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், செத்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். 2022 வரைக்கும் அதுவும் வெறும் 25,000. உங்கள் மஞ்சள் பெயிண்டுக்கு மேல் ஒட்டியிருக்கிறதே பிலிம், அதன் பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஆகவே பதிவுக் கட்டணத்தை மட்டும் கட்டிவிடுங்கள். சில்லறை இல்லையென்றால் வண்டி கழுவுகிற பையனிடம் கேளுங்கள், கடனாகத் தருவான். தன் பழைய எக்ஸெல்லுக்கு இன்ஷூரன்ஸ் முதல் புகைச் சான்றிதழ் வரை ஒரு பைசா பாக்கி வைக்காதவன். வைத்தால் அடுத்த சிக்னலிலேயே மறித்து வாங்கிவிடுவார்கள்.