பொருத்தம் கெடுத்த நொதி

ஆர்.என்.ஏ ஆராய்ச்சியில் பெரிய பெயர் வாங்கியவர்களில் பலர், கேட்டது கிடைக்காமல் கையைப் பிசைந்து நின்றவர்கள்தாம். 1987-இல் தவளை முட்டைக்கு ஊசி போட்டவர்களைப் பாருங்கள். மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏவுக்கு ஓர் எதிரிழையை அனுப்பினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், செய்தியின் வாய் அடைபடும் என்பது திட்டம். தவளைக்கரு ஒத்துழைக்கவில்லை. ஒட்டிய இழைகள் பிரிந்து போயின. உடனே இரண்டு குழுக்கள், முறுக்கவிழ்க்கும் நொதி கிடைத்துவிட்டதென்று அறிவித்தன.

மறு ஆண்டே, அவர்களில் இருவரான பிரெண்டா பாஸும் ஹரோல்ட் வெயின்ட்ராபும் வேறு கதை சொன்னார்கள். நொதி எழுத்தையே திருத்துகிறதாம்: அடினோசினை இனோசினாக மாற்றிவிடும், அதற்குமேல் இழைகள் சேர்ந்திருக்க முடியாது. ஜாதகத்தில் கைவைத்துக் கல்யாணத்தை நிறுத்தும் சித்தப்பா எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? இந்தச் சித்தப்பாவுக்குப் பிற்பாடு ஏடார் என்று பெயர் வைத்தார்கள்.

கேட்டது கிடைக்காத இன்னொரு கதை: 1990-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழு, பெட்டூனியாப் பூவின் ஊதாவை அடர்த்தியாக்க நிறமி மரபணுவைக் கூடுதலாகச் செருகியது. பூத்தது வெள்ளை! செருகியதும் சேர்ந்து ஊமையானது, செடியின் சொந்த மரபணுவும் ஊமையானது. எட்டு ஆண்டு கழித்து ஃபயர், மெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் புழுவில் துப்புத் துலக்கினார்கள்: மரபணுவின் வாயை அடைப்பது இரட்டை இழை ஆர்.என்.ஏ. அதை டைசர் என்ற நொதி இருபத்துச் சொச்சம் எழுத்துத் துண்டுகளாக நறுக்கும். துண்டைப் பிடித்துக்கொண்டு அதே வரிசையுள்ள செய்திகளைத் தேடி அழிக்க ஒரு படையே கிளம்பும். 2006-இல் இருவருக்கும் நோபல்.

ஆக, ஏடாருக்கும் டைசருக்கும் இரை ஒன்றே. ஏடார் முந்திக்கொண்டு நிறையத் திருத்திவிட்டால் டைசருக்கு நறுக்க ஒன்றும் தேறாது.

2003-இல் பாஸும் லீத் டாங்கினும் இதைப் புழுவிலேயே சோதித்தார்கள். ஏடார் இல்லாத புழு, பிடித்தமான ரசாயனத்தை நோக்கி ஊரத் தெரியாமல் தட்டில் திண்டாடியது. அதே புழுவில் நறுக்கும் துறைக்கு வேண்டிய மரபணுவையும் கெடுத்தார்கள். புழு ஒழுங்காக ஊர ஆரம்பித்தது! இரண்டு அதிகாரிகளையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் வேலை நடந்திருக்கிறது.

பாலூட்டிகளிடம் இந்த விளையாட்டெல்லாம் செல்லாது. ஏடார் வகைகளில் ஒன்றான ஏடார்1 இல்லாத எலிக்கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும்.